முறுக்கு லீடரும் நீ விட்டுவிட்ட பாதித் தாளும்

மக்கா,

நேற்று மத்தியானம் பேச்சுக்கு நடுவில் போன் கட்டானது சிக்னலால் அல்ல. நான்தான் வைத்தேன். நீ திரும்பத் திரும்ப அழைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். நீ இடையில் புகுந்து “அம்மா, நான் சொல்லுகத கேளுங்க” என்று ஆரம்பித்திருப்பாய். கடைசியில் நீ சொன்னதற்கெல்லாம் நான் சரி என்று சொல்லிப் பேச்சு முடிந்திருக்கும். எத்தனையோ தடவை அப்படித்தான் முடிந்திருக்கிறது. கடிதத்தில் நீ இடையில் புக முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் அப்பா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். நம்மிடம் தூண்டில் லீடர் வாங்கியவர்களுக்கும் இதையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த விஷயத்தையும் முதலிலிருந்து சொல்கிறேன். அவர்களுக்கும் புரிய வேண்டும், உனக்கும் ஒரு தடவை ஞாபகம் வரட்டும்.

மூணாறுக்கு மேலே எஸ்டேட் பாதையில் ஜீப் ஓட்டுகிற முருகேசனுக்குக் கண்ணில் முள் பட்டது அவன் தூண்டிலைத் தப்பாக இழுத்ததால்தான், நம் சரக்கில் குறை ஒன்றும் இல்லை என்று நான் வீடியோவில் சொல்ல வேண்டும். இதுதானே நீ கேட்டது? அதையும் எப்படிக் கேட்டாய்? “நீங்க சொன்னா ஆளுவ நம்புவினும்மா, உங்க மொகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு” என்றாய். என் முகத்துக்கு இருக்கும் மதிப்பை இத்தனை வருஷம் கழித்து நீ கண்டுபிடித்த இடம் இதுதானா?

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ நியூசிலாந்திலிருந்து லீவில் வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து நாலு துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஒரு கம்பை எடுத்தாய். ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் பழக்கிவிட்டார் என்றாய். உன் அப்பா ரப்பர் வெட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். முற்றத்தில் நீ கம்பை முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்து, “லே மக்கா, இது மீன் பிடிக்கதா, ஆடு மேய்க்கதா?” என்று கேட்டார். அவருக்குத் தோள் வலி என்பதால் அன்று சாயங்காலம் சர்ச் மைதானத்துக்கு என்னைத்தான் கூட்டிப்போனாய். பாட்டுப் பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லாம் சுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அறுபது வயதில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மீனே இல்லாத மைதானத்தில் தூண்டில் வீசியவள் குலசேகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நீ நன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். இந்தத் தூண்டிலில் ஈயக்கட்டி கிடையாது. முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈ ஒன்றுதான் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். அதை எறிய முடியாது, கனமான லைனைத்தான் வீச வேண்டும். லைன் காற்றில் சுருள் பிரிந்து போகும்போது ஈயையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் தடித்த லைன் தண்ணீரில் பட்டென்று விழுந்தால் மீன் ஓடிவிடும். அதனால் லைனுக்கும் ஈக்கும் நடுவில் போகப்போக மெலிகிற ஒரு நைலான் கட்டுகிறார்கள், அதற்குப் பெயர் லீடர். உன்னிடம் இருந்த லீடர் பெட்டியில் சுற்றியே கிடந்ததால் தரையில் போட்ட பிறகும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தது. நீ அதை இழுத்து இழுத்து நிமிர்த்திக்கொண்டே, “முறுக்கி செய்த லீடர் ஒண்ணு உண்டும்மா, அது இப்பிடிச் சுருளாது, ஆனா வெலை கூடுதல்” என்று சொல்லி, பையில் இருந்த ஒன்றைக் காட்டினாய். வெளிநாட்டில் அதை ஃபர்ல்டு லீடர் என்கிறார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்தெட்டு வருஷம் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் வலை கம்பெனியில் நூல் முறுக்குகிற மிஷினில் நின்றவள் நான். இரண்டு புரியைத் தனித்தனியாக ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு சேர்த்துப் பிடித்து எதிர்ப் பக்கமாக முறுக்கினால் ஒன்றின் முறுக்கு மற்றதை அவிழ விடாது. வலை நூல் முழுக்க அதுதான். இந்த லீடரில் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று, போகப்போக இழைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. நான் உன் அப்பாவிடம் ஒரு ரப்பர் மரப் பலகை வாங்கி, அளவு பார்த்து ஆணி அடித்து, மெல்லிய நைலான் இழையை ஆணிக்கு ஆணி குறைத்துக் கோத்து, சுவரில் துளை போடும் டிரில்லில் ஒரு கொக்கியை மாட்டி முறுக்கினேன். முதல் நாலு பாழாய்ப் போயிற்று. ஐந்தாவதை நீ கையில் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு கோதையாற்றுக்கு நடந்தாய். நானும் பின்னால் வந்தேன். நீ வீசியதும் லைன் பிரிந்து, லீடர் பிரிந்து, கடைசியில் அந்த ஈ பஞ்சு விழுவதுபோல் தண்ணீரில் உட்கார்ந்தது. இரண்டாவது வீச்சில் ஒரு கெண்டை. நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட நீ அப்படிப் பார்க்கவில்லை.

முறுக்கு லீடரின் நன்மையைப் பற்றி நீ இணையத்தில் எழுதியதெல்லாம் உண்மை. அதில் எனக்குச் சண்டை இல்லை. அது சுருளாது. கையின் விசையைச் சிந்தாமல் ஈ வரைக்கும் கொண்டுபோகும், அதனால் என்னைப் போல் புதிதாக வீசுகிறவருக்கும் ஈ நேராகப் போய் விழும். முள் அறுந்தால் நுனியில் கட்டும் ஒற்றை நைலான் துண்டை மட்டும் மாற்றினால் போதும், ஒரே லீடர் வருஷக்கணக்கில் உழைக்கும். எல்லாம் நானே சொன்னதுதான்.

மீதியையும் நான்தானே சொன்னேன்? நீ நியூசிலாந்துக்குத் திரும்பிப் போன பிறகு அந்தக் கம்பை வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் ஆற்றிலும் குளத்திலும் நின்றவள் நான். இந்த லீடர் தண்ணீரைக் குடிக்கும். மறுபடி வீசும்போது ஈரத்துணியை உதறின மாதிரி சொட்டுச் சொட்டாகத் தெளிக்கும், அசையாத குளத்தில் அந்தத் தெளிப்பு ஒன்று போதும், பக்கத்தில் ஒரு மீன் நிற்காது. தெளிந்த தண்ணீரில் அதன் நிழல் ஒற்றை நைலானின் நிழலைவிடத் தடிமனாக விழும். பாசியில் பட்டால் இழைக்குள் பாசி ஏறிக்கொள்ளும். காற்றில் சிக்கு விழுந்தால் ஒற்றை நைலான்போல் அவிழ்க்க முடியாது. இதெல்லாம் பெரிய காரியமில்லை. பெரிய காரியம், அது இழுபடும். நைலான் இழையே இழுபடுகிற ஜாதி, அதை முறுக்கும்போது ரப்பர்போல் ஆகிவிடுகிறது. முள் வேரிலோ கொம்பிலோ மாட்டி, கம்பை வளைத்து இழுத்தால், லீடர் நீண்டுகொண்டே போகும். முள் சட்டென்று விட்டால் கவண்கல் மாதிரி இழுத்தவன் முகத்துக்கே திரும்பி வரும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்கும் தெரியும். திற்பரப்புக்குக் கீழே மருத மரத்தின் வேரில் மாட்டியதை நான் அப்படித்தான் இழுத்தேன். முள் என் இடது புருவத்தில் ஏறியது. உன் அப்பா என்னை ஸ்கூட்டரில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். வழி நெடுக “ஏட்டி, கண்ண தொறக்காத, தொறக்காத” என்று கத்திக்கொண்டே ஓட்டினார். அன்று நீ போனில் முதலில் கேட்ட கேள்வி, “கண்ணுல படலயே? அம்மா, செரியா பாத்து சொல்லுங்க, கண்ணுல படலயே?” முள் கண்ணுக்கு எத்தனை பக்கத்தில் வரும் என்று அன்றைக்கு உனக்குத் தெரியும் மக்கா. தெரியாமல் செய்ததை நான் மன்னிப்பேன். நீ தெரிந்து செய்தாய்.

நீ இதை விற்கலாம் என்று சொன்னபோது நான் ஒரு தாள் எழுதிக்கொடுத்தேன். மேல் பாதியில் நன்மை, கீழ்ப் பாதியில் குறை. முள் மாட்டினால் கம்பை வளைத்து இழுக்காதே, கம்பைக் கீழே தாழ்த்தி லைனைக் கையில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக இழு, கண்ணாடி போடாமல் வீசாதே, என்று தெளிவாக எழுதியிருந்தேன். நீ அதை ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினாய், மார்த்தாண்டத்தில் அச்சடித்து ஒவ்வொரு கவரிலும் வைத்தேன். கொஞ்ச நாள் கழித்து, “அந்தத் தாளு வைக்காண்டாம்மா, பாக்கதுக்கு மருந்து சீட்டு மாதிரி இருக்கு, வெப்சைட்டுல எல்லாம் போட்டாச்சு” என்றாய். நான் நிறுத்திவிட்டேன். வெப்சைட்டைத் திறந்து பார்க்கவில்லை. என் இங்கிலீஷுக்கு அது எட்டாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அருமனையில் உன் சித்தி மகள் டீச்சர்தானே, அவளிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பாள். நான் காட்டவில்லை. வாங்கியவர்கள் எழுதின பாராட்டை நீ படித்துக் காட்டுவாய், அது காதுக்கு இனிப்பாக இருந்தது. இது என் குற்றம். இதை உன் தலையில் வைக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் முருகேசனும் அவன் மனைவி லதாவும் கவரில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். அவனுக்கு வலது கண்ணில் கட்டு. நான் யாரோ ரப்பர் பால் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவன் பையிலிருந்து நான் முறுக்கிய லீடரை எடுத்து மேஜையில் வைத்தான். மீன் பிடிக்க வருகிறவர்களை ஓடைக்கு ஜீப்பில் கொண்டுபோகிறவனாம். அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது ஒரு பழைய கம்பை இவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதற்கு இவன் நம் லீடரை வாங்கியிருக்கிறான். முள் ஒரு கிளையில் மாட்ட, இவன் கம்பை வளைத்து இழுத்திருக்கிறான். நான் இழுத்த மாதிரியேதான். எனக்குப் புருவம், அவனுக்குக் கண்.

“நான் சண்டைக்கு வரலம்மா,” என்றான். “எல்லாரும் ‘நீ தப்பா பண்ணிருப்பே’ங்காங்க. செஞ்சவங்ககிட்டயே கேட்டுட்டா மனசு ஆறும்னு வந்தேன். நான் என்ன தப்பு பண்ணேன்?”

லதா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவருக்கு மலைப் பாதையில வண்டி ஓட்டுறதத் தவிர வேற தொழில் தெரியாதும்மா. அந்தக் கண்ணுல இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது,” என்றாள்.

நான் அலமாரியைத் திறந்து, மீந்துபோன தாள்களில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். ஒற்றைக் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தான். கீழ்ப் பாதிக்கு வந்ததும் நின்றுவிட்டான். “இது எங்களுக்கு வரலையே,” என்றான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஏதோ தபால் தவறிப்போய்விட்டது என்பதுபோல் சொன்னான்.

“நீ ஒரு தப்பும் செய்யல மக்கா. சொல்லவேண்டியத நாங்க சொல்லல,” என்றேன். அவர்களைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனேன். முள்ளுக்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டையைக் கட்டி, வேலிக் கம்பியில் மாட்டி, கம்பை வளைத்து இழுத்துக் காட்டினேன். கட்டை விடுபட்டு என் தோளுக்கு மேலே விர்ரென்று போயிற்று. முருகேசன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். லதா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் தன் அசட்டுத்தனத்தால் குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அவன் தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறான். அந்தப் பழியை அவன் தலையில் திரும்ப ஏற்றத்தான் நீ என் முகத்தைக் கேட்கிறாய்.

அவர்கள் போன பிறகு அருமனைக்குப் போய் உன் சித்தி மகளை வைத்து வெப்சைட்டைப் படித்தேன். குறை என்று ஒரு வரி இல்லை. அது மட்டுமா? ஐந்து தலைமுறையாகக் கயிறு முறுக்குகிற குடும்பமாம் நாம். அழிந்துபோகும் கலையை ஒரு கிராமத்துத் தாய் தன் கடைசிக் காலத்தில் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளாம். என் படத்துக்குப் பின்னால் யாருடைய கயிற்றுத் தொழிற்சாலையோ. என் அப்பா பஸ் கண்டக்டர். நான் மாதச் சம்பளமும் பி.எஃபும் வாங்கிய மிஷின் தொழிலாளி. மூன்று ஷிப்டும் நின்று, சத்தத்தில் ஒரு காது மந்தமாகி, அந்தச் சம்பளத்தில்தான் உன்னை நர்ஸிங் படிக்க வைத்தேன். அதைச் சொல்ல உனக்கு என்ன குறைச்சல்? நான் அழிந்துகொண்டிருக்கவும் இல்லை, எனக்கு இது கடைசிக் காலமும் இல்லை. டிரில்லில் முறுக்குகிறேன் என்று எழுதினால் கை நூலின் மகிமை போய்விடுமோ?

நேற்று உன்னிடம் இதைக் கேட்டபோது, “கொறைய எழுதினா யாரு வாங்குவா? முள்ளுன்னா குத்தும், அது எல்லாருக்கும் தெரியும்தானே?” என்றாய். நீ நர்ஸ். ஒரு சாதாரண மாத்திரை கொடுத்தாலும் தலை சுற்றலாம், வாந்தி வரலாம், வண்டி ஓட்டாதீர்கள் என்று அந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து சொல்லுகிறாய். சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று நீதான் என்னிடம் சொன்னாய். அங்கே வாய் திறக்கிறது, இங்கே நம் ஆட்களிடம் ஏன் திறக்கவில்லை? நைலானுக்குப் பதிலாகப் பாலியஸ்டர் நூலில் முறுக்கினால் இழுபடுவது நன்றாகக் குறையும், தண்ணீர் கொஞ்சம் கூடக் குடிக்கும், பரவாயில்லை என்று போன வருஷமே சொன்னேன். “நைலான்தான் போட்டோவில மின்னும்” என்றாய். அந்த மினுக்கத்துக்குத்தான் முருகேசன் கண் போயிற்று.

இப்போது என் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன், உன் அப்பாவுக்கும் தெரியாதது. கம்பெனியில் ஒரு தடவை முறுக்கு சரியாக ஏறாத நூல் என் மிஷினில் வந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். “கண்ணுக்கு தெரியாததுக்கு நீ எதுக்கு கெடந்து துள்ளுக? ஒட்டு” என்றார். நான் ‘சரி பார்த்தது’ என்ற சீட்டை ஒட்டி அனுப்பினேன். நீ அப்போது வயிற்றில் இருந்தாய், வேலை போய்விடும் என்று பயம். அந்த நூல் எந்தக் கடற்கரைக்குப் போயிற்று, யாருடைய வலையாயிற்று, அந்த வலை யார் கையில் கிழிந்தது, எனக்கு இன்று வரை தெரியாது. தெரியாததுதான் பெரிய தண்டனை. குளச்சலுக்குப் போனால் வலை உலர்த்தியிருக்கிற பக்கம் நான் போக மாட்டேன், நீ சின்ன வயதில் காரணம் கேட்டிருக்கிறாய். உனக்கு அந்தத் தண்டனை இல்லை. உன்னால் கெட்டவனுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இது எத்தனை பெரிய கிருபை என்று உனக்குப் புரியவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுக்கொள். கூரியர் ரசீதில் போன் நம்பர் எல்லாம் இருந்தது. உன் அப்பா ஒவ்வொன்றாக அழுத்திக் கொடுக்க, ஒரு வாரமாக வாங்கியவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழ் தெரியாதவர்களிடம் உன் சித்தி மகள் பேசினாள். சிலர் சிரித்தார்கள், தெரியும் என்றார்கள். ஒருவர் கோபமாகக் கட் செய்தார். கோயம்புத்தூரில் ஒருவர் நான் சொல்லி முடித்ததும், “என் மகதான் இத வச்சு வீசிட்டு இருக்கா, பத்து வயசு” என்றார். அப்புறம் போனை வைக்காமலே எங்கேயோ ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, “கழட்டிட்டேன்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நீ எத்தனை கோபப்பட்டாலும் எனக்குக் கவலையில்லை.

இனி இந்த லீடரை நான் செய்யாமல் இருக்கப்போவதில்லை. பாலியஸ்டரில் செய்வேன், முழுத் தாளையும் வைத்து, என் பெயரில். கயிறு முறுக்கும் குடும்பம், கடைசிக் காலம், அந்த வார்த்தைகளையெல்லாம் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அழித்துவிடு. வீடியோ கிடையாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் நிற்காதே.

கிறிஸ்துமஸுக்கு நீ கொச்சியில்தானே இறங்குகிறாய். அங்கிருந்து வீட்டுக்கு வராதே, நேரே மூணாறு பஸ்ஸில் ஏறு. நானும் உன் அப்பாவும் அதற்கு முன்னாலேயே அங்கே போய்விடுவோம், லதாவிடம் பேசியாயிற்று. பண்டிகைச் சோறு அவர்கள் வீட்டில்தான். முருகேசனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித்தரப் போவதில்லை. அவன் எதிரே உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்து நீயே சொல். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்பதை அங்கே வந்து முடிவு செய்துகொள்.

உன் அம்மா